காலணா பெறாத அச்சுகள்

அந்தக் கலைப்பாளர் ஒருநாள்கூட என் சலூனுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அது அவர் அதிர்ஷ்டம். நான் கத்தி பிடிக்கிறவன். 

கலைப்பாளர் என்றால் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கே அப்போதுதான் தெரிய வந்தது. ஒரு கம்பெனி திவாலாகிவிட்டால் அதில் மிச்சமிருப்பதை விற்று, கம்பெனி யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்து, கடைசியில் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்காக நியமிக்கப்படுகிற ஆள். எதை விற்பது, எதை வீசுவது என்பதெல்லாம் அவர் இஷ்டம். அவர் தப்புச் செய்தால் தட்டிக் கேட்க மேலே கோர்ட் இருக்கிறது என்றார்கள். இருக்கத்தான் செய்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பற்றி அல்ல. அரம் அக்காவைப் பற்றி.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஒரு லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டது. முடிவெட்டுகிறவனுக்கு நின்றால்தான் சோறு. உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் தலையில் கை வைக்க முடியாது. என்னை மறுபடி நிற்க வைத்தது செயற்கைக் கால் செய்கிற ஒரு பட்டறை, அந்தப் பட்டறையில் அரம் அக்கா. அரம் என்பது பட்டப்பெயர். கையில் எப்போதும் ஒரு அரம் இருக்கும். அவருடைய நாக்கையும் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் அக்கா அந்தப் பட்டறைக்குப் பெருக்கத்தான் போனார். பிளாஸ்டர் தூளுக்கு ஒரு குணம் உண்டு, பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருக்கும். கால் மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் உள்ளே தலைமை மிஸ்திரியிடம், "நல்லாதான் இருக்குங்க, பரவாயில்லைங்க" என்று பல்லைக் காட்டுவார்கள். வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டித் தீர்ப்பார்கள். துடைப்பத்தோடு நிற்கிறவள் எதிரில் யாருக்கு என்ன கூச்சம்? ஒருநாள் அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக உள்ளே போய், "எல்லாரும் உங்ககிட்ட பொய் சொல்றாங்கய்யா. வெளிய வந்து அழுவுறாங்க" என்று சொல்லிவிட்டார்.

மிஸ்திரி முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பிறகு, நல்ல மனிதர், வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டு அக்காவை உட்கார வைத்தார். வருகிறவர்கள் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று கேட்டு உள்ளே வந்து சொல்ல வேண்டும். அதுதான் அக்காவுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். அங்கிருந்து மெல்ல அரம் பிடிக்கக் கற்று, மிஸ்திரி ஓய்வு பெற்றபோது அவருடைய மேஜைக்கே வந்துவிட்டார்.

மேஜைக்கு வந்த பிறகும் அக்காவின் வைத்தியம் அதேதான். மரியாதையாகப் பேசுகிற ஆளைக் கண்டாலே ஆகாது. நான் முதல்முறை போனபோது, "எங்க கடிக்குது?" என்று கேட்டார். நான் வழக்கம்போல், "பரவாயில்லைக்கா" என்றேன். அக்கா அரத்தைக் கீழே வைத்தார்.

"பரவாயில்லைன்னு கால்ல ஒரு இடம் இருக்கா? எனக்குத் தெரியாதே. எங்க, தொட்டுக் காட்டு."

அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். லாரி, டிரைவர், ஆஸ்பத்திரி, கடைசியில் அக்காவையும். அவர் தலையாட்டிக்கொண்டே என் மிச்சக் காலில் நீலப் பென்சிலால் ஒவ்வொரு இடமாகக் குறித்துக்கொண்டார். மிச்சக் கால் என்பது பட்டறைச் சொல். வெட்டியது போக இருப்பது மிச்சம்.

அச்சு என்றால் என்ன என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தச் சண்டையும் அதில்தான். மிச்சக் காலின் மேல் ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, காய்ந்ததும் உருவி எடுத்து, அதற்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவார்கள். உறைந்ததும் துணியை உரித்தால் உங்கள் மிச்சக் கால், ஈரத்தில் பதிந்த நீலக் கோடுகளோடு, வெள்ளையாக மேஜைமேல் நிற்கும். அதுதான் அச்சு. அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் போர்த்திக் காலுக்கான கிண்ணத்தை எடுப்பார்கள். எலும்பு முட்டுகிற இடம் என்றால் அச்சில் கொஞ்சம் பூசி ஏற்றுவார்கள், கிண்ணத்தில் அங்கே இடம் கிடைக்கும். சதை தாங்குகிற இடம் என்றால் அரத்தால் ராவுவார்கள். கிண்ணம் தேயும், உடையும், புதிதாகப் போட வேண்டியிருக்கும். அச்சு மட்டும் அதேதான். ஒவ்வொரு முறை நீங்கள் போய்த் திட்டும்போதும் அதே அச்சில் பூசி, ராவி, பூசி, ராவி, சில வருஷத்தில் அது உங்கள் கால் மாதிரியே இருக்காது. உங்கள் வலி மாதிரி இருக்கும். இன்னொரு இடத்துக்குப் போய்ப் புதிதாக அச்சு எடுத்தால் பட்ட பாட்டையெல்லாம் மறுபடி முதலில் இருந்து பட வேண்டும்.

பட்டறை மாடி முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க எங்கள் அச்சுகள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அக்கா கொண்டு வந்ததுதான். முன்பணம் கிடையாது. புதுக் காலை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை நடந்துபோய், டீ குடித்துவிட்டு, திரும்பி நடந்து வந்து, திட்டாமல் உள்ளே நுழைந்தால்தான் காசு வாங்குவார். "முதல்லயே காசு கொடுத்துட்டா, கொடுத்தாச்சே, அனுசரிச்சுப் போவோம்னு வலியை முழுங்கிடுவானுங்க" என்பார். டீக்கடைக்காரருக்கு எங்களில் பாதிப் பேரின் முகம் தெரியாது, நடை தெரியும்.

பழைய முதலாளி இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் ஓடியது. அவர் மகன் வந்தார், போகிற ஊரிலெல்லாம் கண்ணாடி போட்ட கிளை திறந்தார், மூழ்கினார். பட்டறையும் கூடவே மூழ்கியது. கலைப்பாளர் வந்து சேர்ந்தார்.

மிஷின்களை விற்றார், சரி. கட்டடத்துக்கு ஆள் பிடித்தார், அதுவும் சரி. வாங்குகிறவர் கட்டடம் காலியாக வேண்டும் என்றார். மாடியில் இருக்கிற அச்சுகளை உடைத்து அள்ளிவிடுவது என்று கலைப்பாளர் முடிவு எடுத்தார். "மதிப்பற்ற கழிவு" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு நேராக அவருடைய அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நாங்களே ஒவ்வொருத்தருக்கா போன் பண்றோம் சார். அவங்கவங்க வந்து அவங்கவங்க காலை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல" என்றார் அக்கா. அத்தனை பணிவாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை.

"அது கம்பெனி சொத்தும்மா. சும்மா தூக்கிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"சரி, விலைக்குக் கொடுங்க. நானே வாங்கிக்கறேன்."

"மதிப்பே இல்லாத பொருளுக்கு நான் எப்படிம்மா விலை போடறது? நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க."

"அப்போ உடைச்சா மட்டும் கேக்க மாட்டாங்களா?"

"உடைக்கிறதுல பிரச்சினை இல்லம்மா."

இதைச் சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். சொத்து, அதனால் சும்மா கொடுக்க முடியாது. மதிப்பில்லை, அதனால் விற்க முடியாது. ஆகவே உடைக்கலாம். படித்த வாயிலிருந்து இப்படி ஒன்று வருமானால் படிக்காமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா எழுந்து சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எங்களைக் காவலாளி வெளியே கொண்டுவந்து விட்டார்.

அக்காவின் மகளோடு படித்த ஒரு பெண் வக்கீலாக இருந்தார். அவர்தான் சொன்னார், கலைப்பாளர் முடிவால் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று. கம்பெனி அக்காவுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தது. அதனால் அக்கா பெயரிலேயே மனுப் போட்டார்.

நீதிபதி நடுவயது அம்மா. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கலைப்பாளரின் வக்கீலுக்கு வெண்ணெய் தடவிய குரல்.

"கலைப்பாளர் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் கோர்ட் உக்காந்து திருத்திக்கிட்டு இருந்தா எந்தக் கம்பெனியையும் மூட முடியாதும்மா. அவர் கெட்ட எண்ணத்தோட செஞ்சிருக்கணும், இல்ல புத்தியுள்ள எந்தக் கலைப்பாளரும் செய்யாததைச் செஞ்சிருக்கணும். அப்போதான் தலையிட முடியும். அதுவும் இந்த மனுதாரருக்கு என்ன பாதிப்பு? கட்டடம் சீக்கிரம் கைமாறினா அவங்க சம்பள பாக்கிதான் சீக்கிரம் வரும். தனக்கு வர்ற லாபத்தை எதிர்த்து ஒருத்தர் எப்படிம்மா மனுப் போட முடியும்?"

எனக்குக் கொதித்தது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் காரணம்.

நீதிபதி அக்காவைக் கூப்பிட்டார். "காலுக்குச் சொந்தக்காரங்கதானே பாதிக்கப்பட்டவங்க? அவங்கள்ல யாருக்காவது கம்பெனி ஏதாவது தரவேண்டியிருக்காம்மா? காலுக்குப் பணம் கட்டிட்டு இன்னும் கால் வாங்காதவங்க? அப்படி ஒருத்தர் வந்து கேட்டா நான் விசாரிச்சே ஆகணும்."

இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்த அம்மா ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் அக்கா முதுகை நிமிர்த்தி, கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒருத்தர்கூட கிடையாதும்மா! எங்க பட்டறையில முன்பணம்ங்கிற பேச்சே இல்ல. என் காலத்துல ஒரு ஆள்கிட்ட நான் கை நீட்டினதில்ல!"

எங்கள் வக்கீல் பெண் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவைப் பார்த்து லேசாகத் தலைவணங்கினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு வணங்கினார்.

நீதிபதி பெருமூச்சு விட்டு இன்னொரு தேதி கொடுத்தார். அதுவரை அச்சுகளைத் தொட மாட்டோம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாய்வார்த்தையாகச் சொன்னார். கோர்ட்டில் சொன்ன வார்த்தைக்கு எழுத்து எதற்கு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

வெளியே படிக்கட்டில் வைத்து வக்கீல் பெண் எங்களுக்கு விளக்கினார். முன்பணம் கொடுத்த ஒரே ஒருவர் இருந்திருந்தால், அவருக்குக் கம்பெனி பாக்கி, அவர் வந்து நிற்கலாம். யாருமே கொடுக்கவில்லை என்றால் நாங்கள் அத்தனை பேரும் கோர்ட்டுக்கு வெறும் வழிப்போக்கர்கள். அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "காசு வாங்காம இருந்தது குத்தமாடா?" என்று கேட்டார்.  அந்த வழக்கத்தால்தான் நான் நிற்கிறேன்.

சலூனில் ஒரு வசதி, முகத்தில் சோப்பு நுரை ஏறியதும் மனிதர்கள் உண்மை பேசுவார்கள். பட்டறையில் கணக்கு பார்த்த கணக்கர் வேலை போனபின்னும் என்னிடம்தான் சவரத்துக்கு வருவார். கோர்ட் கதையைச் சொல்லி நான் புலம்பியபோது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர் கொடுத்திருக்கார்ப்பா. அக்காகிட்ட சொல்லிடாதே, என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. விலை ஏத்தப் போறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பின்வாசல் வழியா வந்து, அடுத்த காலுக்குப் பழைய விலையிலயே முழுசாக் கட்டிட்டுப் போயிட்டார்."

"யாரு?"

"மரக்கடை கறார்."

சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கணக்கர் ஒரு பக்கம் நுரையோடு என் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

கறார் என்பவர் மரக்கடை முதலாளி. சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்துவிட்டார்கள். முதல்முறை பட்டறைக்கு வந்தபோதே, "நீங்க விலை போட்டிருக்கிறது ஜோடிக்குத்தானே? எனக்கு ஒண்ணுதான் வேணும், பாதியாக் குறைச்சுக்கோம்மா" என்று பேரம் பேசியவர். அக்கா, "போய் இன்னொரு காலையும் எடுத்துட்டு வாங்க, ஜோடியாவே போட்டுத் தர்றேன்" என்று சொல்லித் துரத்திவிட்டார். பிறகு கால் செய்து கொடுத்தார்தான். அதற்குப் பிறகும் இருவரும் முகம் கொடுத்துப் பேசினதில்லை. அந்த மனிதரிடம் போய் இப்போது கையேந்த வேண்டும்.

மரக்கடையில் வாள் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. கறார் காலைக் கழற்றி மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"வாங்க, வாங்க. மிச்சமிருக்கிற காலை எடுக்க நேர்லயே வந்துட்டீங்களா?"

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் பழக்கமில்லாத சொல்.  அக்காவின் பார்வை கறாரின் மிச்சக் காலில் விழுந்தது. உள்பக்கம் ஒரு இடம் சிவந்து போயிருந்தது.

"எங்க கடிக்குது?" என்றார் அக்கா.

கறார் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "உள்பக்கம்தான். எலும்பு முட்டுற இடம்" என்றார். கோர்ட் விஷயத்தை நான் சொல்லி முடித்ததும், "அந்த அச்சு போச்சுன்னா எனக்கு மறுபடியும் முதல்லேருந்தா?" என்று கேட்டார்.

"முதல்லேருந்துதான்."

"அந்த முதல் வருஷம் நான் வீட்டுல யாரையும் மனுஷனா நடத்தல. என் பொண்டாட்டியை நான் பேசின பேச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்து போடணும்? ஆனா ஒண்ணு, வக்கீல் பீஸுல ஒரு பைசா நான் தரமாட்டேன்."

அடுத்த முறை கோர்ட்டில் கறார் பெயரில் மனு வந்ததும் வெண்ணெய்க் குரல் கொஞ்சமும் அசரவில்லை. "இவர் கட்டின முன்பணத்தை இந்த நிமிஷமே திருப்பிக் கொடுக்க, கட்டடம் வாங்குறவர் தயாரா இருக்கார்மா. மேல கொஞ்சம் சேர்த்தே தருவார்" என்றார்.

 காசு கைக்கு வந்துவிட்டால் கம்பெனி அவருக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. அவரும் எங்களைப் போல வழிப்போக்கர் ஆகிவிடுவார். ஒற்றைக் காலுக்குப் பாதி விலை கேட்ட மனிதர், மேலே சேர்த்துத் தருகிறேன் என்றால் விடுவாரா? அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கறார் மெதுவாக எழுந்து நின்றார். "காசை அவரையே வெச்சுக்கச் சொல்லுங்கம்மா. எனக்குக் கால்தான் வேணும்."

அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின கணவரைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அதன்பிறகு நீதிபதி கலைப்பாளரையே எழுப்பி நிறுத்திக் கேட்டார்.

"இதையெல்லாம் சொந்தக்காரங்ககிட்ட ஏன் சும்மா கொடுக்கல?"

"கம்பெனி சொத்தும்மா."

"விலைக்கு?"

"மதிப்பில்லம்மா."

"உடைக்கிறதுன்னா மட்டும் சரியாப் போச்சா?"

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"மாடி ஏறிப் பார்த்தீங்களா?"

"புகைப்படம் பார்த்தேம்மா."

"உங்க முடிவு நல்லதா கெட்டதான்னு பார்க்கிறது என் வேலை இல்ல. முடிவுன்னு ஒண்ணு எடுத்தீங்களான்னு பார்க்கிறது என் வேலை. யாரையும் கேக்காம, எதையும் பார்க்காம செஞ்சதுக்கு முடிவுன்னு பேர் கிடையாது" என்றார் நீதிபதி. கலைப்பாளர் சொன்னது செல்லாது, அவரவர் வந்து அவரவர் அச்சை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கறாரிடம், "உங்களுக்கு அடுத்த கால் நான் போடறேன்" என்றார். "ஜோடி விலையில பாதிதானே?" என்றார் அவர். சிரித்துக்கொண்டே உத்தரவின் நகலோடு நேராகப் பட்டறைக்குப் போனோம். அந்த வழி முழுக்கச் சிரித்தோம். 

பட்டறை வாசலே வெள்ளையாக இருந்தது.

"காலையிலயே ஆளுங்க வந்தாங்களே, நீங்கள்லாம் கோர்ட்டுக்குக் கிளம்பினப்புறம்" என்றார் பட்டறைக் காவலாளி. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கழிவு அள்ளுகிற ஒப்பந்தக்காரருக்கு முன்பே சொல்லி வைத்திருந்த நாள் அது. வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோர்ட்டில் வார்த்தை கொடுத்தார்களே, அந்த வார்த்தை கோர்ட்டிலேயே தங்கிவிட்டது.

மாடியில் அலமாரிகள் காலி. தரையெங்கும் உடைந்த பிளாஸ்டர், கால் வைத்தால் நொறுங்கியது. துண்டுக்குத் துண்டு நீலக் கோடுகள். நாங்கள் திட்டித் திட்டிச் சொன்னதை அக்கா குறித்து வைத்த கோடுகள். அக்கா போனை எடுத்துக் கலைப்பாளரைக் கூப்பிட்டார். "தகவல் போய்ச் சேரலம்மா, வருத்தப்படறேன்" என்றார் அவர். அக்கா போனைச் சுவரில் அடித்தார்.

கறார் குனிய முடியாமல் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். "இது என்னோடதா, பாருங்க."

"தெரியலை."

இன்னொன்றை எடுத்தார். "இது?"

"தெரியலை."

இன்னும் ஒன்று. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலைங்க" என்று கத்தினார். "உடைச்சுட்டானுங்க, தெரியலை!" கட்டடமே அதிர்ந்தது. காவலாளி மேலே ஓடி வந்தார். பிறகு அக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் போல. எந்தத் துடைப்பக்காரியும் கேட்க அங்கே இல்லை.

மறுபடி கோர்ட். நீதிபதிக்கு நிஜமாகவே கோபம். கலைப்பாளரை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அவருக்கு வர வேண்டிய கட்டணத்தில் வெட்டு விழுந்தது. நஷ்ட ஈடு என்று பேச்சு வந்ததும் வெண்ணெய்க் குரல் எழுந்து, "உடைஞ்ச பொருளோட மதிப்பு என்னம்மா?" என்று கேட்டது. எவ்வளவு என்று நீதிபதி எங்களைப் பார்த்துக் கேட்டார். என் வலிக்கு எவ்வளவு? கறார் வீட்டில் அந்த முதல் வருஷத்துக்கு எவ்வளவு? சந்தையில் விசாரித்தால் காலணா பெறாது. வாழ்க்கையில் எதற்குமே விலை சொல்லத் தயங்காத கறார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஒப்புக்கு ஒரு தொகையை எழுதினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றார் வக்கீல் பெண். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

தப்புச் செய்தால் கேட்பதற்குக் கோர்ட் இருக்கிறது என்றார்கள் அல்லவா? கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்டு முடித்தபோது கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். தன் மேஜையை ஜன்னல் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கூடத்தை அக்காவுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். பேசின் தண்ணீரில் பிளாஸ்டர் துணி ஊறிக்கொண்டிருந்தது. நான் காலைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிண்ணம் தேய்ந்து போய் மிச்சக் காலில் வாரக்கணக்காக ரத்தம் கட்டியிருந்தது.

அக்கா கையை நீட்டினார். "முன்பணம் எடு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "என்னக்கா இது?"

"எடுடா."

சட்டைப் பையில் துழாவியதில் ஒரு நாணயம்தான் கிடைத்தது. அதைக் கொடுத்தேன். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். காகிதத்தில் ரசீது எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, என் பையில் திணித்தார்.

"பத்திரமா வெச்சுக்கோ. கறாருக்கும் இதேதான். வர்ற எல்லாருக்கும் இதேதான். நாளைக்கு நானும் திவாலாவேன். எவனாவது வந்து உன் காலைக் கழிவுன்னு எழுதுவான். நீ கோர்ட்டுக்குப் போனா, நீ யாருடான்னு கேப்பாங்க. அப்போ இதைக் காட்டு."

"இத்தனை வருஷம் வாங்காம இருந்தியேக்கா."

"இருந்தேன். என்ன ஆச்சு?" என்றார். ஜன்னல் ஓரத்தில் அவர் கணவர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

அக்கா ஈரத் துணியைப் பிழிந்து எடுத்தார். "காசு கொடுத்தாச்சேன்னு வலியை முழுங்கினே, கொன்னுடுவேன். நல்லா திட்டு. எங்க கடிக்குது?"

திட்ட ஆரம்பித்தேன். கலைப்பாளரில் ஆரம்பித்து, வெண்ணெய்க் குரல், ஒப்பந்தக்காரன், மாடிப்படி, புகைப்படம் என்று போய்க்கொண்டே இருந்தேன். அக்கா துணியைச் சுற்றிக்கொண்டே, "அதெல்லாம் சரி, கால்ல எங்கடா?" என்றார்.

"எல்லா இடத்துலயும்க்கா" என்றேன்.